அக்கா பார்க்காத சனி

நான் ஆறு வருடம் வேலை செய்த வானோக்கு நிலையத்துக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. வாசலில் கருங்கல்லில் பொறித்திருக்கிறார்கள். சென்னையில் அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. ஊருக்கே அது 'உருண்டை'. பேருந்தில் நடத்துனர் "உருண்டைலாம் எறங்கு" என்று விசில் கொடுப்பார். ஆட்டோக்காரர்கள் உருண்டையை வைத்துத்தான் வழி சொல்வார்கள்: உருண்டைக்கு முன்னால் லெஃப்ட், உருண்டை தாண்டி மூன்றாவது தெரு. மேம்பாலத்தில் பேருந்து ஏறும்போது அந்த வெள்ளைக் குவிமாடம் கட்டடங்களுக்கு நடுவே மெல்ல எழும்பும். குழந்தைகள் சீட்டில் எழுந்து நின்று பார்ப்பார்கள். கோயில் என்று நினைத்தோ என்னவோ, சில பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன்.

வார நாட்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள். சனிக்கிழமை மாலை பொதுமக்களுக்கு. இருட்டத் தொடங்கியதும் குவிமாடத்தின் கதவு கரகரவென்று பிளந்து திறக்கும். நடுவில் பெரிய தொலைநோக்கி. அதில் கண் வைத்துப் பார்க்கும் இடத்துக்கு எட்ட ஐந்து படி வைத்த இரும்பு ஏணி. அந்த ஏணிக்குப் பக்கத்தில் நிற்பதுதான் என் வேலை. "ஒரு கண்ண மூடிக்கோங்க. குழாயத் தொடாதீங்க. தெரியுதா? சரி, அடுத்தவங்க." ஒருவருக்கு இருபது வினாடி. நிலாவைப் பார்த்து அழுதவர்கள் உண்டு. வியாழனைப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானா?" என்று கேட்டுவிட்டு இறங்கியவர்களும் உண்டு. சனியைப் பார்த்தவர்கள் மட்டும் யாரும் 'இவ்ளோதானா' என்று கேட்டதில்லை. அந்த வளையத்தைப் பார்த்ததும், குழாய்க்குள் யாராவது படம் ஒட்டி வைத்திருக்கிறார்களா என்று முன்பக்கம் போய் எட்டிப் பார்ப்பார்கள்.

எங்கள் வீடு கவரைப்பேட்டையில், ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். என் கணவர் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அவருக்கு ஒரே அக்கா, பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். அதே பேட்டையில் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை. இயந்திரத்திலிருந்து விழும் மூடிகளின் ஓரத்துப் பிசிரைச் சீவி, கோணலானதைத் தள்ளி, நல்லதைப் பெட்டியில் அடுக்க வேண்டும். அவர்களுடைய அப்பா அம்மா அடுத்தவர் கழனியில் நடவு நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் கம்பெனி கேட்டுக்குள் முதலில் கால் வைத்தது அக்காதான், பத்தொன்பது வயதில். தம்பியை ஐ.டி.ஐ. படிக்க வைத்ததும் அவள்தான். நானும் அவளை அக்கா என்றே கூப்பிட்டேன்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இரண்டு மூன்று இடம் கூடி வந்து, ஜாதகம் பார்த்ததும் நின்றுபோனது. ஏழாம் இடத்தில் சனி உட்கார்ந்திருக்கிறான், கல்யாணம் தாமதமாகத்தான் ஆகும், ஆனாலும் நிலைக்காது என்று பொன்னேரி ஜோசியர் ஒருவர் சொல்லிவிட்டாராம். எள் விளக்கு ஏற்றினார்கள், காக்காவுக்குச் சோறு வைத்தார்கள். நான் மருமகளாக வந்தபோது அக்கா நாற்பதைத் தாண்டியிருந்தாள். வீட்டில் அந்தப் பேச்சே ஓய்ந்து போயிருந்தது.

நான் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள். உருண்டையில் ஒப்பந்த முறையில் கைடு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று என் பழைய பேராசிரியர் சொன்னபோது மகளுக்கு இரண்டு வயது. "அம்மாந்தூரம் தெனமும் போய்ட்டு வர முடியுமா? கொழந்தய யாரு பாத்துக்கறது?" என்று என் கணவர் இழுத்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்கா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"படிச்ச பொண்ணு ஊட்ல குந்திக்கினு இன்னா பண்ணும்? நான் ஃபர்ஸ்ட் ஷிப்ட்டுக்கு மாத்திக்கறேன். ரெண்டு மணிக்கு வந்துடுவேன். கொழந்தய நான் பாத்துக்கறேன். அதுவரைக்கும் பக்கத்து ஊட்ல உடு."

அக்கா அப்படியே செய்தாள். அதற்காக விடிவதற்கு முன்னால் எழுந்து ஓடினாள், வருடக்கணக்காக. ஒரு தரம்கூட அதைச் சொல்லிக்காட்டியதில்லை.

நான் வேலைக்குப் போன புதிதில், சனிக்கிழமை வீடு திரும்பியதும் அக்கா கேட்பாள்: "இன்னிக்கி இன்னா தெரிஞ்சிது?" நிலாவின் குழிகள், வியாழனின் நாலு நிலாக்கள் என்று நான் சொல்வேன். ஒருநாள் மகளுக்குச் சனியைக் காட்டுவதற்காக ஒரு எலுமிச்சம்பழத்தையும் என் வளையலையும் எடுத்து, பழத்தை வளையலுக்கு நடுவில் பிடித்துக் காட்டினேன். குழந்தையைவிட அக்காதான் அதை உற்றுப் பார்த்தாள்.

"இப்டியா கீது அது?"

"இப்படியேதான்க்கா. ஆனா அந்தரத்துல நிக்கும்."

"ஒரு தபா எனுக்கும் காட்டேன். எம் பொழப்புல இவ்ளோ பண்ணவன், அவன் மூஞ்ச நான் பாக்க வேணாமா?" என்று சொல்லிவிட்டு அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். "கூட்டிக்கினு போறேன்க்கா" என்றேன்.

கூட்டிப் போகவில்லை. இப்போது சனி தெரிகிற காலம் இல்லை என்று ஒரு வருடம் சொன்னேன், அது உண்மை. மழைக்காலம் என்றேன், அதுவும் உண்மை. லீவு நாட்களில் கூட்டம் தாங்காது என்றேன். நான் சொன்ன எதுவும் பொய் இல்லை. ஆனால் சனிக்கிழமையில் ஒரே ஒரு நாள் நான் லீவு போட்டு, மகளை அவர் பார்த்துக்கொள்ள, அக்காவோடு ரயில் ஏறியிருந்தால் முடிந்திருக்கும். பக்கத்தில் இருக்கிறவர்களுக்குச் செய்ய வேண்டியதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம் என்று தோன்றிவிடுகிறது. அப்படியே மூன்று வருடம் போனது.

மூன்றாம் வருடம் ஆவணியில் ஒரு சனிக்கிழமை. அந்த மாதக் கடைசியில் எங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். முந்தைய வாரம்தான் இன்னொரு கைடு தன் சொந்தக்காரர்களை வரிசையில் நிற்க வைக்காமல் உள்ளே விட்டதற்காக, "இது என்ன உங்க வீட்டுக் கல்யாணமா?" என்று பொறுப்பாளர் எல்லார் முன்னாலும் திட்டியிருந்தார். நாங்கள் எல்லாரும் சற்றுப் பயந்துதான் இருந்தோம்.

அன்றைக்குக் கூட்டமும் அதிகம். வரிசை குவிமாடத்துக்குள் சுவரையொட்டிச் சுற்றி, படிக்கட்டு வழியே கீழே மைதானம் வரை போனது. தெற்கே சனி அசையாமல் நின்றது. அவ்வளவு தெளிவாக அது தெரிந்த நாட்கள் குறைவு. ஆனால் மேற்கே மின்னிக்கொண்டிருந்தது. ஏழு மணிக்குமேல் மேகம் ஏறத் தொடங்கியது. பொறுப்பாளர் வாசலிலிருந்து குரல் கொடுத்தார்: "மழை வருதும்மா. இன்னும் பத்துப் பேர் போதும். அதோட க்ளோஸ்."

நான் வரிசையை எண்ணினேன். பத்தாவதாக ஒரு பெரியவர் நின்றார். அவருக்குப் பின்னால் அக்கா நின்றிருந்தாள்.

கம்பெனியின் நீலக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பை. அன்றைக்கு ஆள் இல்லையென்று நாலு மணிவரை அவளை நிறுத்திவைத்துவிட்டார்கள் என்பதும், என் கணவர் வீட்டில் இருந்ததால் அப்படியே கும்மிடிப்பூண்டியிலேயே ரயில் ஏறிவிட்டாள் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும். சென்னைக்கு அவள் தனியாக வந்ததே அதுதான் முதல் தடவை. பஸ்ஸை விசாரித்து, டிக்கெட் வாங்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் வரிசையில் நின்று, அந்த இடம்வரை வந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள்.

வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த காவலாளி அதைக் கவனித்தார். "மேடம், இந்தம்மா உங்களப் பாத்து சிரிக்கிறாங்க. தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார். வாசலில் பொறுப்பாளர் நின்றுகொண்டிருந்தார்.

"இல்ல" என்றேன்.

குவிமாடத்துக்குள் மெல்லப் பேசினாலும் குரல் சுவரோடு சுற்றி வந்து எல்லார் காதிலும் விழும். அக்காவின் கை இறங்கியது. காவலாளி குறுக்கே கயிற்றை மாட்டிவிட்டு, "முடிஞ்சிதும்மா, அடுத்த வாரம் வாங்க" என்றார். "சரிங்க சார்" என்றாள் அக்கா. அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள், இவ்வளவு நேரம் நிற்க வைத்தீர்களே என்று. அக்கா சத்தம் போடவில்லை. டிபன் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு படியிறங்கிப் போனாள். நான் அந்தப் பத்துப் பேருக்கும் சனியைக் காட்டினேன். பதினோராவது ஆளுக்குக் காட்டவும் நேரம் இருந்தது. மழை எட்டு மணிக்குத்தான் வந்தது.

வேலை போய்விடும் என்ற பயம்தான் காரணம் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். அங்கே என்னோடு வேலை செய்தவர்கள் நகரத்துப் பெண்கள். என் கணவர் வீட்டில் நிலம் வைத்திருக்கிறார்கள், நெல் விளைகிறது என்று அவர்கள் தாங்களாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் அதைத் திருத்தவில்லை. அந்த நீலக் கோட்டும் அட்டையும் என் பக்கத்தில் வந்து நின்று "எங்க தம்பி சம்சாரம்" என்று சொல்வதை அந்த நிமிடத்தில் நான் விரும்பவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அதுதான் நடந்தது.

திரும்பும்போது அக்காவும் அதே ரயிலில் இருக்கக்கூடும் என்று நினைத்தேன். எப்போதும் ஏறும் லேடீஸ் பெட்டியில் ஏறாமல் கடைசிப் பெட்டிக்கு நடந்தேன். வீட்டுக்குப் போனபோது அக்கா புடவை மாற்றிக்கொண்டு அடுப்படியில் இருந்தாள்.

"அக்காவுக்கு இன்னிக்கி ஓவர்டைமாம். பேஜாரு புடிச்ச கம்பெனி, இப்பதான் உட்டுருக்கான்" என்றார் என் கணவர்.

அக்கா திரும்பிப் பார்க்காமல், "தோச ஊத்தட்டா?" என்றாள். தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். வழக்கம்போலக் கேட்டாள்.

"இன்னிக்கி இன்னா தெரிஞ்சிது?"

"சனிக்கா."

"நல்லா தெரிஞ்சிதா?"

"மேகம் வந்துட்டுது. நெறைய பேரத் திருப்பி அனுப்பிட்டாங்க."

"அய்ய, பாவம்" என்றாள் அக்கா. "நின்னவங்களுக்குக் கஷ்டமா இருந்திருக்கும்."

அப்போதே காலில் விழுந்திருக்கலாம். என் கணவர் பக்கத்தில் இருந்தார். அவர் போன பிறகு பேசலாம் என்று இருந்தேன். பிறகு மறுநாள் காலை என்று தள்ளிப்போட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருந்ததால் அவள் விடிவதற்கு முன்னால் ஷிப்ட்டுக்குப் போய்விட்டாள். ஒரு வாரம் போனதும், அவளே அதைத் தாண்டிவிட்டாள், நாமாக ஏன் கிளற வேண்டும் என்று ஆகிவிட்டது. அவள் நடந்துகொள்வதில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. சொல்லப்போனால் சனியைப் பற்றி முன்னைவிட அதிகமாகக் கேட்டாள். வளையம் என்ன கலர், ஆடுமா, பக்கத்தில் வேறு ஏதாவது தெரியுமா, ஏணி எத்தனை படி. மனசில் எதுவும் இல்லாததால்தான் இப்படிக் கேட்கிறாள் என்று நினைத்து நானும் விலாவாரியாகச் சொன்னேன். "அடுத்த வாரம் வாயேன்க்கா" என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். "எனுக்கு எங்க நேரம்?" என்று எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் என்னைக் காட்டச் சொல்லவே இல்லை.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. மேலும் மூன்று வருடம் அங்கே இருந்தேன். கொரோனாவில் உருண்டையை மூடினார்கள். மறுபடி திறந்தபோது வேறு ஆட்களை வைத்துக்கொண்டு, எங்கள் யாரையும் கூப்பிடவில்லை. இப்போது கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக் கொடுக்கிறேன்.

போன வருடம் அக்காவுக்கு ஐம்பத்தெட்டு முடிந்து வேலையிலிருந்து நின்றாள். கம்பெனி கேன்டீனில் சின்னதாக ஒரு விழா வைத்தார்கள். வீட்டு ஆட்களையும் உள்ளே விட்டார்கள். சால்வை போட்டார்கள், ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள், கேக் வெட்டச் சொன்னார்கள். அக்காவோடு மூடி சீவிய பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அதில் ஒரு அம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான் அந்த உருண்டைல வேல செஞ்சவங்களா? உங்களப் பாக்கணும்னு எம்மா நாளா நெனச்சிக்கினு கீறோம்!"

"அப்படியா? அக்கா என்ன சொல்லுச்சு?" என்றேன்.

"இன்னா சொல்லுச்சா? சொல்லாத நாளு ஏது? நூறு பேரு க்யூல நிக்கசொல்ல, நீங்க எறங்கி வந்து, அக்கா கையப் புடிச்சி முன்னால இட்டுக்கினு போயி, 'இவங்க எங்க அக்கா, இவங்கதான் என்ன இந்த வேலைக்கி அனுப்பினாங்க'ன்னு ஆபீசர்கிட்ட சொன்னீங்களாமே! அஞ்சி படி ஏறி சனீஸ்வரனப் பாத்துச்சாமே! எலுமிச்சம்பழத்த வளையல்ல வெச்சி எங்குளுக்குக் காட்டும். எங்க ஊட்டு மருமவளுங்களும் இருக்குதுங்களே!"

நான் அக்காவைப் பார்த்தேன். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. கேக் கத்தியைப் பிடித்தபடி குனிந்து நின்றாள். கேக்கின் ஓரத்தில் வழிந்திருந்த கிரீமை மெதுவாக, பிசிர் சீவுவதுபோல், வழித்துக்கொண்டிருந்தாள். அத்தனை வருடம் என்னிடம் அவள் கேட்ட கேள்விகளெல்லாம் எதற்கு என்று எனக்கு அப்போது புரிந்தது.

"போலாமாக்கா உருண்டைக்கு? இந்த சனிக்கிழமையே?" என்று அன்று வீட்டில் கேட்டேன். முதலில் மறுத்தாள். நான் விடவில்லை. மழைக்காலம் முடியட்டும் என்றாள். முடிந்ததும் ஒரு சனிக்கிழமை நானும் அவளும் மட்டும் போனோம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு வந்தாள். வெளியூர் ஆட்கள் செய்வதுபோல மற்றவர்களோடு நாங்களும் வாசலில் நின்று, குவிமாடம் பின்னால் தெரிகிற மாதிரி படம் எடுத்துக்கொண்டோம். டிக்கெட் வாங்கி வரிசையில் நின்றோம். என்னை அங்கே யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் முறை வந்தது. அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு ஐந்து படி ஏறினாள். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை வைத்தாள்.

"தெரியுதாம்மா?" என்று கேட்டாள் அங்கே நின்ற இளம் கைடு.

"தெரியுது. வளையம் எங்க?"

"இந்த வருஷம் வளையம் நமக்கு நேர் பக்கவாட்டுல இருக்குங்க. அதான் மெல்லிசுக் கோடு மாதிரி தெரியுது. பதினஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ இப்படி ஆகும்."

இது நான் பாடமாகப் படித்தது. எத்தனையோ பேருக்கு நானே சொன்னது. வளையம் மறைகிற வருடம் வரப்போகிறது, அதற்குள் வந்து பார்த்துவிடுங்கள் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். அக்காவை எப்படியாவது கூட்டிப் போய்விட வேண்டும் என்ற அவசரத்தில் அது நினைவுக்கே வரவில்லை. நான் 'இல்ல' என்று சொன்ன அந்த ஆவணியில் வளையம் அகல விரிந்து நின்றது.

"ஊசி குத்தின எலுமிச்சம்பழம் மாதிரி கீது" என்றாள் அக்கா. கைடு சிரித்துவிட்டு, "சரிம்மா, அடுத்தவங்க" என்றாள்.

வெளியே மைதானத்தில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். பஞ்சுமிட்டாய்க்காரர் மணியடித்துக்கொண்டிருந்தார். "அக்கா, அன்னிக்கி..." என்று ஆரம்பித்தேன். எட்டு வருடம் சேர்த்து வைத்திருந்தது அது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. குவிமாடத்துக்குள் போகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கி நான் சனியப் பாக்க வர்ல" என்றாள். "நீ அங்க எப்டி நிக்கிற, எப்டி பேசற, அதப் பாக்கத்தான் வந்தேன். பாத்துட்டேன். ஸோக்கா இங்கிலீஷ்ல பேசிக்கினு இருந்த ஒரு வெள்ளக்காரன்கிட்ட. எனுக்கு சந்தோசமா இருந்துச்சி."

மடியில் முந்தானையை நீவிவிட்டுக்கொண்டாள்.

"கோட்டக் கயட்டிப் பையில வெச்சிக்கினு வந்திருக்கணும் நானு. அது தோணாம பூட்ச்சி."

"அப்படிச் சொல்லாதக்கா" என்று அழுதேன். அவள் என் முதுகில் கை வைத்தாள். ஆனால், பரவாயில்லை என்று சொல்லவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. அப்படியெல்லாம் பொய் சொல்கிறவள் இல்லை என்றும் என்னால் எழுத முடியாது. எனக்காக அவள் எத்தனை வருடம் பொய் சொல்லியிருக்கிறாள் என்று இப்போது எனக்குத் தெரியும்.

ரயிலில் கேட்டேன்: "உங்க கம்பெனிப் பொம்பளைங்ககிட்ட நடந்தத நடந்த மாதிரி நானே சொல்லிடட்டுமாக்கா?"

"வேணாம்" என்றாள் உடனே. "நீ சொன்னா உன் மனசு ஆறும். என் பேச்சு இன்னா ஆவறது? இத்தினி வருசம் அதுங்க கேட்டுக்கினு இருந்தது பொய்னு ஆயிடும். கம்முனு இரு."

மூன்று நாலு வருடத்தில் வளையம் மறுபடி நன்றாக விரிந்துவிடும், அப்போது வரலாம் என்றேன். "நீ பாப்பாவ இட்டுக்கினு போ" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தப் பெண்கள் எல்லாரும் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள்தான். ஆஸ்பத்திரியில், பஸ் ஸ்டாப்பில், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துக் காய்கறிக் கடையில் எதிர்ப்படுவார்கள். போன மாதம் ஒரு அம்மாள் என்னைப் பார்த்ததும் தன் மருமகளை இழுத்துக்கொண்டு வந்தாள். "இவுங்கதான்டி நான் சொன்ன டீச்சரு. நாத்தனாரக் கையப் புடிச்சி எல்லார் முன்னாலயும் இட்டுக்கினு போனவங்க. நல்லா பாத்துக்கோ" என்றாள். மருமகளுக்கு இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். கும்பிடுவதுபோல் கையைச் சேர்த்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் தலையை ஆட்டிவிட்டு, கீரைக்கட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.